‘இருக்கிறதா’ என்று கேட்பது காவல் ஆகாது

சென்னை ஓஎம்ஆர் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு டேபிளில் ஒரே தகவல் இரண்டு முறை ஏறாமல் எப்படித் தடுப்பீர்கள்? பதிலும் வழக்கமானதுதான். முதலில் ஒரு செலக்ட் போட்டு அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மட்டும் இன்செர்ட் செய்ய வேண்டும். கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பயிற்சி மையங்களின் கையேடுகளிலும் யூடியூப் பாடங்களிலும் இதே விடைதான். கேட்க நியாயமாகவும் இருக்கிறது: வீட்டில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே கடைக்குப் போகிறோம்?

ஆனால் அந்த விடை தவறு. கொஞ்சம் செப்பனிட்டால் சரியாகிவிடுகிற தவறும் அல்ல. காவல் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில் காவலே இல்லை.

ஒருவர் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓர் இணையதளத்தில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் நிரல் ஒற்றை ஆளாக ஓடுவதில்லை. ஒரே நிரலின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். சர்வர்களே பலவாகவும் இருக்கும். முதல் பிரதி டேட்டாபேஸிடம் கேட்கிறது: இந்த எண் இருக்கிறதா? இல்லை. அது எழுதி முடிப்பதற்குள், சில மில்லி விநாடி இடைவெளியில், இரண்டாவது பிரதி அதே எண்ணைப் பற்றிக் கேட்கிறது. அதற்கும் ‘இல்லை’ என்றே பதில் வருகிறது. இரண்டு பதிலும் சொல்லப்பட்ட கணத்தில் உண்மை. பிறகு இரண்டு பிரதிகளும் எழுதுகின்றன. நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தாலும் பிழை சிக்காது. டேபிளில் மட்டும் ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பார்.

பேருந்து நிலையத்தில் சன்னல் வழியாகக் காலி இருக்கையைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டை நோக்கிச் சுற்றி ஓடுகிறவர், ஏறிப் போய்ப் பார்க்கும்போது அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். விவரம் தெரிந்தவர் சன்னல் வழியாகவே துண்டைப் போட்டுவிடுகிறார். டேட்டாபேஸில் துண்டு போடும் வசதிக்குப் பெயர் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட். அதை அறிவித்துவிட்டால் டேட்டாபேஸ் அந்தப் பத்திக்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ் கட்டி வைத்துக்கொள்ளும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே மதிப்போடு வந்தால், இரண்டாமவர் நிறுத்திவைக்கப்படுவார். முதலாமவர் கமிட் செய்து எழுத்தை உறுதியாக்கிவிட்டால் இரண்டாமவருக்குப் பிழை எண் போகும்: மைஎஸ்க்யூஎல்லில் 1062, போஸ்ட்கிரெஸ்ஸில் 23505, ஆரக்கிளில் 00001. முதலாமவர் பாதியில் கைவிட்டால் இரண்டாமவருக்கு வழி திறக்கும். கேட்பதும் எழுதுவதும் இங்கே பிரிக்க முடியாத ஒரே செயல். செலக்ட் போட்டுவிட்டு இன்செர்ட் போடுகிற நிரல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் இந்த ஒன்றைத் தர முடியாது.

இதைச் சொன்னதும் இரண்டாவது வாதம் வரும். ‘இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டுவிட்டால் சரியாகிவிடுமே?’ ஆகாது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் வேறெதுவும் சொல்லாவிட்டால் ‘ரீட் கமிட்டெட்’ என்ற நிலையில் இயங்குகின்றன. அடுத்தவர் இன்னும் கமிட் செய்யாத பதிவு அங்கே கண்ணுக்குத் தெரியாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ‘ரிப்பீட்டபிள் ரீட்’ நிலையில் இயங்குகிறது. அங்கே சாதாரண செலக்ட் டிரான்ஸாக்‌ஷனின் முதல் வாசிப்பில் எடுத்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும். இந்த இரண்டு நிலைகளிலும் இருவருக்கும் ‘இல்லை’ என்ற பதிலே கிடைக்கக்கூடும். ‘இன்செர்ட் ... வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ஒரே வாக்கியமாக மடித்து எழுதுகிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைப்பார்கள். வாக்கியம் ஒன்றானாலும் உள்ளே தேடலும் எழுத்தும் அடுத்தடுத்த வேலைகள்தான். பூட்டுப் போடலாம் என்றால், இல்லாத பதிவைப் போஸ்ட்கிரெஸ்ஸில் பூட்ட முடியாது. இன்னோடிபியில் இடைவெளிக்குப் பூட்டு உண்டு. ஆனால் இருவருமே அந்தப் பூட்டைப் பெற்றுக்கொண்டு, எழுத வரும்போது ஒருவரையொருவர் மறித்து நிற்பார்கள். டெட்லாக் என்று ஒருவரை டேட்டாபேஸ் வெளியேற்றும். இரட்டைப் பதிவு விழாது என்பது உண்மை, ஆனால் யூனிக் இண்டெக்ஸ் ஒரு பிழை எண்ணோடு முடித்திருக்கும் வேலைக்கு இது மிகச் சுற்றுவழி. ‘சீரியலைஸபிள்’ நிலைக்கு ஏறினால் காவல் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸின் 9.1 பதிப்பிலிருந்து, அதாவது 2011 முதல், அது முறையாகவே வேலை செய்கிறது. அதற்கு அந்த டேபிளில் எழுதும் எல்லா நிரல்களும் அதே நிலையில் இருக்க வேண்டும். தோற்றவை மறுபடி முயலவும் தெரிந்திருக்க வேண்டும். செலக்ட் போட்டால் போதும் என்று நினைக்கும் குழுவில் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது அதிகம்.

அடுத்த வாதம் நிகழ்தகவு. ‘லட்சத்தில் ஒரு முறை நடப்பதற்கு இவ்வளவு பதற்றமா?’ இந்தக் கணக்கு, இரண்டு கோரிக்கைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக மோதிக்கொள்வதாக எடுத்துக்கொள்கிறது. நடப்பில் இரட்டைகள் அப்படி வருவதில்லை. ‘சமர்ப்பி’ பொத்தானை ஒரே விரல் இரண்டு முறை தட்டுகிறது. நெட்வொர்க் தடுமாறியதும் கைபேசிச் செயலி அதே கோரிக்கையைத் தானாகவே திரும்ப அனுப்புகிறது. நடுவில் நிற்கும் செய்தி வரிசைகளும் அப்படித்தான்: அமேசானின் எஸ்க்யூஎஸ் சாதாரண வரிசை ஒவ்வொரு செய்தியும் குறைந்தது ஒரு முறை வந்து சேரும் என்றே உறுதி தருகிறது, இரண்டாம் முறை வராது என்று சொல்லவில்லை. ஆகவே ஒரே மாதிரியான இரண்டு கோரிக்கைகள் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன, அதுவும் சர்வர் திணறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. அப்போது செலக்டுக்கும் இன்செர்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் நீண்டுவிடும். தட்கல் முன்பதிவு திறக்கும் காலைப் பத்து மணி போன்ற நெரிசலில் ‘லட்சத்தில் ஒன்று’ என்ற கணக்குக்கு எந்தப் பொருளும் இல்லை. நிரலாளர் தன் மடிக்கணினியில் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது மட்டும் அது சரியாக வரும்.

இதெல்லாம் தெரியாத புதியவர்களின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பார்வைக்கு வலுவான தத்துவப் பின்புலம் உண்டு. இணையச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சன் 2005 இல் எழுதிய ஒரு கட்டுரையில், புத்திசாலித்தனம் ஒரே அடுக்கில் இருக்க வேண்டும், அது நிரலின் அடுக்காக இருக்க வேண்டும், டேட்டாபேஸ் வெறும் கிடங்காக இருந்தால் போதும் என்று வாதிட்டார். விதிகள் பாதி இங்கும் பாதி அங்கும் சிதறினால் ஒரு மென்பொருளைப் புரிந்துகொள்வதே கடினம் என்ற அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. டேட்டாபேஸுக்குள் ஸ்டோர்டு புரொசீஜர்களாக வணிகத்தையே எழுதிவைத்த பழைய நிறுவனங்களில் அல்லல்பட்டவர்களுக்கு அந்தக் கட்டுரை விடுதலை அறிக்கையாகவே தெரிந்திருக்கும். ரெயில்ஸில் ஒரே வரியில் ‘இது தனித்துவமானது’ என்று எழுதிவிடலாம். உள்ளே அது செய்வது என்ன? ஒரு செலக்ட், பிறகு ஓர் இன்செர்ட்.

2015 இல் பீட்டர் பெய்லிஸும் அவருடன் ஐந்து ஆய்வாளர்களும் சிக்மாட் என்ற டேட்டாபேஸ் ஆய்வு மாநாட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திறந்த மூலத்தில் கிடைக்கும் 67 ரெயில்ஸ் மென்பொருள்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். தரவின் நேர்மையைக் காக்க டிரான்ஸாக்‌ஷன்களைவிட 37 மடங்குக்கும் மேலாக இப்படிப்பட்ட நிரல்வழிச் சரிபார்ப்புகளையே எழுதியிருந்தார்கள் நிரலாளர்கள். பயன்பாட்டின்படி அவற்றில் அதிகபட்சம் 86.9 சதவீதம்தான் உண்மையில் காவல் தந்தது. மிச்சத்தில் முக்கியமானது இந்தத் தனித்துவச் சரிபார்ப்பு. சரிபார்ப்பு வரி இருக்கும்போதே நெரிசலில் இரட்டைப் பதிவுகள் விழுவதைச் சோதனை செய்தும் காட்டினார்கள்.

பிறகு ரெயில்ஸே திசை திரும்பியது. 2019 இல் வந்த ஆறாம் பதிப்பில் ‘கிரியேட் ஆர் ஃபைண்ட் பை’ என்ற வழி சேர்ந்தது: முதலில் எழுதிப் பார், யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் மறுத்தால் இருக்கும் பதிவைத் தேடி எடு. பழைய ‘தேடு, இல்லையேல் எழுது’ என்பதை அப்படியே தலைகீழாக்கிய ஏற்பாடு. அதை எழுதிச் சேர்த்தவர் ஹான்சன். டேட்டாபேஸை வெறும் கிடங்கு என்றவர் கடைசியில் கிடங்கின் கதவையே நம்ப வேண்டி வந்தது. அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டு நடைமுறை கொடுத்த தீர்ப்பு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெயில்ஸைப் போன்ற இன்னொரு கட்டமைப்பான ஜாங்கோவின் ஆவணமும் தன் ‘கெட் ஆர் கிரியேட்’ வசதி நம்பகமாக இருக்க வேண்டுமென்றால் டேட்டாபேஸிலேயே தனித்துவ விதி இருக்க வேண்டும் என்று எச்சரிக்கிறது.

சரி, நிரல் ஒரே பிரதியாக, ஒரே வரிசையில், மோதலே இல்லாமல் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டேபிளுக்குள் நுழைய அது ஒன்றுதானா வழி? எக்செலிலிருந்து ஏற்றப்படும் பழைய பட்டியல், இரவில் ஓடும் பேட்ச் வேலை, ஆண்டுகள் கழித்து வேறொரு குழு வேறொரு மொழியில் எழுதிய செயலி, வாடிக்கையாளர் புகாரைத் தீர்க்க அவசரமாக டேட்டாபேஸுக்குள் நேரடியாக நுழைந்து ஒரு பதிவைச் சேர்க்கும் பொறியாளர். முதல் நிரலில் இருக்கும் செலக்ட் இவர்களில் யாரையும் பார்ப்பதில்லை. மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். டேபிள் அவற்றையெல்லாம் தாண்டி இருக்கும்.

டேபிள் தானாகவே இரட்டையை மறுக்கும் என்ற நம்பிக்கையும் சிலருக்கு உண்டு. எட்கர் காட் 1970 இல் ஐபிஎம்மில் இருந்தபடி முன்வைத்த ரிலேஷனல் கோட்பாட்டில் அது உண்மை. அவருடைய ‘ரிலேஷன்’ கணிதக் கணம் என்பதால் ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்க வழியில்லை. 1974 இல் அதே ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் வடிவமைத்த மொழி, இன்றைய எஸ்க்யூஎல்லின் மூதாதை, அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. ஒவ்வொரு விடையிலும் இரட்டைகளைக் களைவது அன்றைய கணினிக்குப் பெரிய செலவு. அதனால் இன்றைக்கும் நாம் வாய்விட்டுச் சொல்லாதவரை டேபிள் எதையும் மறுக்காது.

வேகத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு விடை எளிது. செலக்ட் விரைவாக ஓட வேண்டுமென்றால் அந்தப் பத்தியில் இண்டெக்ஸ் வேண்டும். இண்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் டேபிள் முழுவதையும் படிக்க வேண்டும். இருந்தால், தேட ஒரு முறை, எழுத ஒரு முறை என்று அதே இண்டெக்ஸுக்குள் இருமுறை இறங்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு டேட்டாபேஸுக்கு இன்னொரு பயணம் வேறு. யூனிக் இண்டெக்ஸுக்கும் விலை உண்டு. இன்னோடிபியால் சாதாரணத் துணை இண்டெக்ஸ்களில் மாற்றங்களைச் சேர்த்துவைத்துப் பிறகு எழுதும் சலுகையை யூனிக் இண்டெக்ஸுக்குத் தர முடியாது. அந்தக் கணமே படித்துப் பார்த்தாக வேண்டும். கோடிக்கணக்கில் பதிவுகள் கொட்டும் இடத்தில் அது பொருட்படுத்த வேண்டிய விலைதான். அமேசானின் ரெட்ஷிஃப்ட் போன்ற ஆய்வுக் கிடங்குகளில் நிலைமையே வேறு. அங்கே பிரைமரி கீ, யூனிக் என்று அறிவிக்கலாம், ஆனால் கிடங்கு அதை அமல்படுத்தாது. அதைவிட மோசமாக, அறிவிப்பை நம்பி வினவலைத் திட்டமிடும்; உள்ளே இரட்டைகள் இருந்தால் விடை தவறாகவே வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஏற்றும் கட்டத்திலேயே களைந்துவிட்டு ஏற்ற வேண்டும். ஆனால் பதிவு, பணம், விண்ணப்பம் என்று அன்றாடம் புழங்கும் டேபிள்களுக்கு இந்த விலக்கைக் கடன் வாங்க முடியாது.

இங்கே கன்ஸ்ட்ரெயின்ட் கட்சிக்காரர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை எண் எரிச்சல் தருகிறது என்று மைஎஸ்க்யூஎல்லில் ‘இன்செர்ட் இக்னோர்’ எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அது இரட்டையை மட்டும் விழுங்குவதில்லை. பத்தியின் நீளத்துக்கு மேல் போன எழுத்தை வெட்டி, எல்லை மீறிய எண்ணை எல்லைக்குள் அடக்கி, எல்லாவற்றையும் வெறும் எச்சரிக்கையாக்கி உள்ளே அனுப்பிவிடும். ‘ரிப்ளேஸ்’ இன்னும் ஆபத்தானது. பெயரைப் பார்த்தால் திருத்துவது போலத் தெரிகிறது. செய்வது பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதுவது. பழைய பதிவைச் சார்ந்து ‘கேஸ்கேட்’ போட்ட துணைப் பதிவுகள் இருந்தால் அவையும் அழிந்துபோகும். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில், 2016 ஜனவரியில், கொண்டுவந்த ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ வாக்கியம் இந்த வகையில் நாகரிகமானது. எந்த மோதலை எதிர்பார்க்கிறோம் என்று குறிப்பிடலாம். வேறு பிழைகள் பிழைகளாகவே வந்து சேரும். எஸ்க்யூலைட்டும் 2018 இல் அதே வடிவத்தைப் பின்பற்றியது.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் உண்டு. பத்தியில் மதிப்பே இல்லாமல் ‘நல்’ (null) இருந்தால், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றும் ஒரு நல்லை இன்னொரு நல்லுக்குச் சமமாகக் கருதுவதில்லை. யூனிக் விதியின் கீழேயே எத்தனை நல் பதிவுகள் வேண்டுமானாலும் ஏறும். எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றை மட்டும் விடும். போஸ்ட்கிரெஸ் 2022 இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் நல்களையும் சமமாக எண்ணச் சொல்லும் வசதியைத் தந்தது. இன்னொரு ஓட்டை, எல்லா டேபிளிலும் வழக்கமாக வைக்கும் தானாக ஏறும் ஐடி எண். ஐடி ஒவ்வொன்றும் வேறு என்பதால் டேபிளின் கண்ணுக்கு எல்லாப் பதிவும் வேறுவேறுதான். பெயர், எண், முகவரி அனைத்தும் ஒன்றாக இருந்தாலும் அது புகார் சொல்லாது. பிரைமரி கீ இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறவர்கள் மறந்துவிடும் செய்தி இது.

தமிழில் தரவு சேமிக்கிறவர்களுக்கு மட்டும் வாய்த்த வில்லங்கம் தனி. ‘கோமதி’ என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போட்டும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுக்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டுகளை ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இரண்டு கோமதிகள். இதை யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் தீர்த்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயல்பாடே உண்டு. ‘ஸ்ரீதர்’ அதற்கும் அடங்க மாட்டார். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005 இல் யூனிகோட் 4.1 சேர்த்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். உருவம் ஒன்றே. யூனிகோடின் விதிப்படி இவை இணையானவை அல்ல என்பதால் இயல்பாக்கம் இரண்டையும் இரண்டாகவே விட்டுவிடும். எதை எதோடு சமம் என்று கொள்வது என்பதை முன்கூட்டித் தீர்மானித்து, எழுதும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கைபேசி எண்ணின் முன்னால் வரும் +91, மின்னஞ்சலின் பெரிய எழுத்து, பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடம் எல்லாம் இதே வகை. இந்த வேலையில் நிரலுக்கு நியாயமான இடம் இருக்கிறது. ‘இந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று பயனருக்குப் பதமாகச் சொல்ல முன்கூட்டியே ஒரு செலக்ட் போட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை, அதைக் காவலாக எண்ணாதவரை.

எது எதோடு சமம் என்ற கேள்வி பெரிய அளவில் என்ன செய்யும் என்பதற்கு இந்திய வாக்காளர் அட்டையே உதாரணம். வெவ்வேறு மாநில வாக்காளர்களிடம் ஒரே அட்டை எண் இருப்பது சர்ச்சையானபோது, 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையம் விளக்கம் தந்தது. பட்டியல்கள் எல்லாம் ஈரோநெட் என்ற ஒரே தளத்துக்கு வருவதற்கு முன், மாநிலங்கள் தனித்தனியே கைமுறையாக எண் கொடுத்த காலத்தில் சில மாநிலங்கள் ஒரே எழுத்து-எண் தொடரைப் பயன்படுத்திவிட்டன. அதனால் ஒரே எண் இருவரிடம் இருப்பதாலேயே போலி வாக்காளர் என்று ஆகாது என்றது. மூன்று மாதங்களில் புது எண்கள் தருவதாகவும் அறிவித்தது. ஒரு மாநிலத்துக்குள் தனித்துவமாக இருந்த எண்ணை நாடு முழுவதற்கும் தனித்துவமானது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எந்த எல்லைக்குள் தனித்துவம் என்பதை முதலிலேயே எழுதிவைத்திருந்தால், ஒரே தளத்துக்கு மாறிய நாளிலேயே டேட்டாபேஸ் முறையிட்டிருக்கும்.

ஒன்றே இரண்டாக எண்ணப்படும் மறுபக்கத்தைப் பணத்தில் பார்க்கலாம். 2021 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் சான்டாண்டர் வங்கி சுமார் 2,000 நிறுவனக் கணக்குகளின் சார்பில் சுமார் 75,000 கொடுப்பனவுகளை இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டது. மொத்தம் 13 கோடி பவுண்ட். பணம் பல்வேறு வங்கிகளின் கணக்குகளில் போய் விழுந்துவிட்டதால் திரும்பப் பெறுவது தனிப் போராட்டமானது. அட்டவணையிடும் கோளாறு என்றது வங்கி. இரண்டாவதாகப் போன கொடுப்பனவு ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தொகை, கணக்கு எதிலும் குறை சொல்ல முடியாது. ‘இதே கொடுப்பனவு முன்பே போயிற்றா’ என்று அடையாளம் காட்டும் ஒரு சாவி கோரிக்கையோடு சேர்ந்தே பயணித்தால்தான் அது பிடிபடும். ஸ்ட்ரைப் போன்ற பண நிறுவனங்கள் அனுப்புகிறவரே ஒரு தனிச் சாவியை உருவாக்கி ஒவ்வொரு கோரிக்கையோடும் இணைக்கச் சொல்வது இதற்காகத்தான். சாவியை யூனிக் பத்தியில் எழுதிவைத்துவிட்டால், அதே சாவி மறுபடி வரும்போது புதிதாக எதுவும் செய்யாமல் பழைய விடையையே திருப்பித் தரலாம்.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறவர்கள்கூடக் கடைசியில் சொல்லும் காரணம் ஒன்று இருக்கிறது. மெய்யான தடையும் அதுதான். ‘டேபிளில் ஏற்கெனவே இரட்டைகள் இருக்கின்றன. இப்போது யூனிக் போட விடாது.’ விடாதுதான். ஆனால் செலக்ட் காவல் காத்ததாகச் சொன்ன டேபிளில் இரட்டைகள் எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை. சுத்தம் செய்வது சலிப்பூட்டும் வேலை: ஒரே வாடிக்கையாளரின் இரண்டு பதிவுகளில் எதை வைத்துக்கொள்வது, அழிக்கப்போகும் பதிவின் ஐடியைச் சுட்டி நிற்கும் ரசீதுகளை எங்கே மாற்றுவது, இரண்டு முகவரியில் எது புதியது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். பல முடிவுகளை எஸ்க்யூஎல்லால் எடுக்க முடியாது. கணக்குப் பிரிவில் யாரையாவது கேட்டாக வேண்டும். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே புது இரட்டைகள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் சேவையை நிறுத்தாமல் ‘கன்கரண்ட்லி’ என்று சொல்லி யூனிக் இண்டெக்ஸ் கட்டலாம். கட்டும்போது ஓர் இரட்டை தட்டுப்பட்டாலும் வேலை தோற்கும். ‘செல்லாது’ என்ற முத்திரையோடு அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று டேபிளிலேயே தங்கி, தேடலுக்கு உதவாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் சுமையாக இருக்கும். அதை நீக்கிவிட்டு, தட்டுப்பட்ட இரட்டையைத் தீர்த்துவிட்டு, மறுபடி கட்ட வேண்டும்.